பழைய வீட்டை இடிக்காமல் ஆறு குடித்தனமாக்குவது: இராமநாதபுரக் கரைக்கு ஓர் எளிய விளக்கம்

கீழக்கரையின் பழைய தெருக்களில், முன்பக்கம் சுண்ணாம்புச் சுவரும் கனத்த மரக்கதவும் திண்ணையுமாக ஒரு வீடும், அதன் முதுகில் ஒட்டியபடி கான்கிரீட்டில் எழுந்த இன்னொரு வீடும் ஒரே கதவிலக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். முன்பாதி கொள்ளுத்தாத்தா காலத்தது. பின்பாதி, வளைகுடா நாடுகளிலிருந்து பணம் வரத் தொடங்கிய பிறகு 1980-களில் சேர்த்தது. வாரிசுகள் சென்னையிலும் துபாயிலுமாக இருக்க, பூட்டிக் கிடக்கும் அத்தகைய வீட்டை என்ன செய்வது என்ற பேச்சு எழும்போது, இடித்துவிட்டு அடுக்ககம் கட்டலாம் என்ற யோசனைதான் முதலில் வருகிறது. இருக்கிற கட்டடத்தையே பல குடித்தனங்களாகப் பிரித்து, மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும்படி திருத்துவது இரண்டாவது வழி. அந்த வழியில் எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசிக்கு ஒதுக்க வேண்டும் என்பதைக் கட்டுமானத்துக்குப் புதியவர்களுக்கு விளக்க இக்கட்டுரை முயல்கிறது. வரிசை முக்கியம். சூரிய மின்தகட்டில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள் என்பது என் கருத்து. அதற்கான காரணங்கள் போகப் போகத் தெரியும்.

விளக்கத்துக்கு வசதியாக ஒரு கட்டடத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். முன்பாதியில் இரண்டு தளங்கள், நடுவே முற்றம். அதன் மேல்தளம், மரக்கட்டைகளின் மீது சிறு செங்கற்களைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் போட்டு இடித்து இறுக்கியது. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். பின்பாதி இரண்டு தளக் கான்கிரீட். மொட்டைமாடி மொத்தம் 200 சதுர மீட்டர். கடல் கூப்பிடு தூரம்.

ஏற்கெனவே செலவாகிவிட்ட ஆற்றல்

ஒரு கட்டடம் ஆற்றலை இரண்டு விதமாகச் செலவழிக்கிறது. குடியிருப்பவர்கள் விசிறி, விளக்கு, ஏசி, மோட்டார் என்று நாள்தோறும் செலவழிப்பது ஒன்று. இதுதான் மின்வாரிய அட்டையில் ஏறுகிறது. எந்த அட்டையிலும் ஏறாத இன்னொன்று, செங்கல் சூளையிலும் சிமெண்ட் ஆலையிலும் இரும்பு உலையிலும் லாரி டீசலிலும் கட்டடம் எழுவதற்கு முன்பே எரிந்து முடிந்துவிட்டது. இதைப் பொதிந்த ஆற்றல் என்பார்கள். சிமெண்டை எடுத்துக்கொண்டால், சுண்ணாம்புக்கல்லை 1,400 டிகிரி செல்சியசுக்கும் மேல் சுடும்போது எரிபொருளின் புகையோடு கல்லுக்குள் இருந்த கரியமில வாயுவும் சேர்ந்தே வெளியேறுவதால், ஒரு டன் சிமெண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 900 கிலோ வரை கரியமில வாயு காற்றில் கலக்கிறது. உலகம் வெளியிடும் மொத்தக் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் ஆலைகளிலிருந்து வருவது இதனால்தான். நின்றுகொண்டிருக்கும் சுவர் இந்தக் கணக்கை முன்பே தீர்த்துவிட்ட சுவர். அதை இடித்துவிட்டு அதே இடத்தில் மின்சிக்கனமான புதுக் கட்டடம் எழுப்பினால், சிக்கனத்தின் பலன் கைக்கு வருவதற்கு முன்பே புதிய கடன் ஒன்று தலையில் ஏறிவிடுகிறது.

இந்தக் கரைக்கு மட்டுமே உரிய காரணம் ஒன்றும் உண்டு. மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை வட்டாரத்துப் பழைய சுவர்கள் பலவற்றில் மன்னார் வளைகுடாவில் வெட்டியெடுத்த முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், கல்லாகவோ சுட்ட சுண்ணாம்பாகவோ கலந்திருக்கிறது. 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களின் அருகே போய்ப் பார்த்தால், அந்தக் கல்லின் துளைகள் தேன்கூட்டைப் போல் தெரியும். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது நீருக்குள் போய்விட்டன. பவளம் வெட்டியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எனவே முருகைக்கல் சுவரை ஒருமுறை இடித்துவிட்டால், அதே பொருளில் மறுபடி கட்ட முடியாது. பழுதுபார்க்கக் கல் வேண்டுமென்றால், அதே வீட்டில் இடிந்து கிடக்கும் பகுதியிலிருந்து பொறுக்கியெடுத்தால்தான் உண்டு.

உப்பு சொல்லும் தீர்ப்பு

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைக் கடற்கரையில் அழகோ வயதோ முடிவு செய்வதில்லை. உப்பு முடிவு செய்கிறது. நாம் எடுத்துக்கொண்ட கட்டடத்தில் நூறு வயதை நெருங்கும் முன்பாதி திடமாகவும், நாற்பது வயதுப் பின்பாதி கவலைக்கிடமாகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம். காரணம், சுண்ணாம்புச் சுவருக்குள் துருப்பிடிக்கக் கம்பி இல்லை.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. உப்பின் குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் அந்தக் காப்பு உடைகிறது. துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து, கூரையின் அடிப்பக்கம் பாளம் பாளமாக உதிர்கிறது. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கடற்கரைச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் போர்வை கேட்கிறது. அந்நாள் வீடுகளில் கம்பிக்கு அடியில் அந்த இடைவெளியைக் காக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்குக்குப் பதிலாக ஒரு கருங்கல் சில்லை வைத்துச் சமாளித்திருப்பார்கள். அதைவிடப் பெரிய கேடு, கலவைக்கு ஊற்றிய தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதே விதி. கடல்நீரில் இருப்பதோ ஏறத்தாழ 19,000. நல்ல தண்ணீர் குடம் கணக்கில் விற்ற ஊரில், உவர்க் கிணற்றுத் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே தளத்தில் பாத்தி கட்டி நிறுத்தி நனைத்த வீடுகளும் உண்டு. அவற்றில் உப்பு வெளியிலிருந்து வரவேண்டிய தேவையே இல்லை.

இதைக் கண்டறியும் முதல் சோதனையை வீட்டுக்காரரே செய்யலாம். சிறு சுத்தியலால் கூரையின் அடிப்பக்கத்தை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் 'ணங்' என்று கெட்டியான ஒலி வரும். உள்ளே பாளம் விட்ட இடத்தில் பானையைத் தட்டினாற்போல் பொக்கென்று கேட்கும். பொக்கு ஒலிக்கும் இடங்களைச் சாக்பீசால் வட்டமிட்டுக்கொண்டே போக வேண்டும். பிறகு பொறியாளர் வந்து ஓரிடத்தில் கொத்தி, புதிதாகத் தெரியும் முகத்தில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார். காரம் மிச்சமுள்ள கான்கிரீட் நொடியில் ரோசா நிறமாகும். காரம் போய்விட்ட பகுதி நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். நிறம் மாறாத பகுதி கம்பியின் ஆழத்தையும் தாண்டிப் போயிருந்தால் கம்பிக்குக் காப்பில்லை என்று பொருள். இதோடு நிறுத்திவிடக் கூடாது. ரோசா நிறம் வந்தாலும் குளோரைடு இருக்கக்கூடும் என்பதால், பொடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதும் அவசியம். பாதிப்பு அங்கங்கே இருந்தால் உதிர்ந்ததைக் கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, புதுக் கம்பி சேர்த்துப் பூசிக் காப்பாற்றலாம். தளம் முழுவதும் உப்பு ஊறியிருந்தால் அந்தத் தளத்தை இறக்கிவிடுவதே நேர்மையான முடிவு. இடிக்காமல் காப்பது என்ற கொள்கைக்காகக் குடித்தனக்காரர் தலைக்கு மேல் ஆபத்தைத் தொங்கவிட முடியாது.

முன்பாதியின் நோய் வேறு, அது ஓதம். தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். துடைப்பத்தால் தட்டிவிட்டால் போயிற்று. இந்தப் பூப்பை அசிங்கம் என்று நினைத்து அதன்மேல் சிமெண்ட் பூசுவதுதான் ஊரெங்கும் நடக்கும் தவறு. எங்கள் வீட்டிலும் நடந்தது. கொத்தனார் சொன்னபடி இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசி, மேலே நீர் புகாத பெயிண்டும் அடித்தோம். முதல் மழைக்காலம் நன்றாகக் கழிந்தது. இரண்டாவது மழையில், வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சுக்குப் பின்னால் ஏறிப்போய், சிமெண்ட் முடிந்த இடத்துக்கு மேலே, நெஞ்சு உயரத்தில் கோடு போட்டது. மூன்றாம் ஆண்டு பூச்சு பொருமிக்கொண்டு, சுவரின் சுண்ணாம்பையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. இதற்கு மருந்து பழைய மருந்துதான். சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுவதும் காயவிட்டு, ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பும் உப்பில்லாத மணலும் சேர்ந்த சாந்தைப் பூசுவது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்க்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டாலும் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பூச்சும் சில ஆண்டுகளில் உப்பு ஏறி உதிரும். அது உதிர்வதற்கென்றே பூசுவது. சுவருக்குப் பதிலாகத் தான் உதிர்கிறது.

மரக்கட்டைகளைப் பொறுத்தவரை, நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறக்கூடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியில்தான் ஈரமும் கறையானும் வேலையைக் காட்டும். கூரான திருப்புளியை அங்கே குத்திப் பார்க்க வேண்டும். அரை விரல் அளவுக்கு இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றியாக வேண்டும்.

எத்தனை குடித்தனம் என்பதைக் காற்றிடம் கேட்பது

இணையத்தில் கிடைக்கும் மின்சிக்கன வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே வீட்டுக்குள்ளிருக்கும் வெப்பம் வெளியேறக்கூடாது. ஆகவே சுவருக்குப் போர்வை, சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, இடுக்குகளுக்கு அடைப்பு. பிரான்சின் போர்தோ நகரில் 1960-களின் மூன்று பெரிய குடியிருப்புத் தொகுதிகளை இடிக்காமல், 530 வீடுகளையும் குடியிருப்போர் உள்ளேயே இருக்கப் புதுப்பித்த ஆன் லகாத்தோன், ஜான்-பிலிப் வசால் ஆகிய கட்டடக் கலைஞர்கள் (கட்டடக் கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2021-இல் பெற்றவர்கள்), ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே கண்ணாடித் தாழ்வாரம் ஒன்றைச் சேர்த்து, குளிர்கால வெயிலை அதில் பிடித்து வைத்தார்கள். வெளியே ஓர் அடுக்கைச் சேர்ப்பது என்ற எண்ணத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடியை அங்கேயே விட்டுவிட வேண்டும். இங்கே அந்த அடுக்கு நிழல் தரும் தாழ்வாரமாகவும் தட்டியாகவும் மரச்சட்டம் வைத்த சன்னல் கதவாகவும் இருக்க வேண்டும்.

இராமநாதபுரக் கரை வெப்பமும் ஈரப்பதமும் கூடிய காலநிலை மண்டலத்தில் அடங்குகிறது. பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு குறைவு என்பதால், பாலைநிலத்து வீடுகளைப் போல் தடித்த சுவர் இரவில் குளிர்ந்து பகலைத் தாங்கும் என்று நம்பியிருக்க முடியாது. உடம்பு குளிர்வது வியர்வை உலர்வதால். வியர்வை உலர்வது காற்று ஓடுவதால். அதனால்தான் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, இந்த மண்டலத்தில் வீட்டின் தரைப்பரப்பில் 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய சன்னல் பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது. குளிர்மண்டலத்துக்கு அது கேட்பது இதில் பாதிதான். இந்த விதித்தொகுப்பு புதுக் கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்றாலும், பழைய வீட்டை அளந்து பார்க்கவும் நல்ல கோல். 60 சதுர மீட்டர் குடித்தனத்துக்குத் திறப்பு 10 சதுர மீட்டர் வேண்டும். நான்கடிக்கு நான்கடி சன்னல் இருபுறமும் கதவாகத் திறந்தால் ஏழு சன்னல் போதும்; அதையே நகர்த்தும் கண்ணாடியாகப் போட்டால் எப்போதும் ஒரு பாதி மூடியே இருப்பதால் பதினான்கு தேவைப்படும். பால்கனிக் கதவும் இந்தக் கணக்கில் சேரும். பழைய வீட்டின் ஆளுயர மரச்சன்னலைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நகரும் கண்ணாடி போடுகிறவர்கள், காற்றில் பாதியைக் காசு கொடுத்து அடைக்கிறார்கள்.

சன்னல் எண்ணிக்கை மட்டும் போதாது. நுழைந்த காற்று வெளியேற எதிர்ப்புறம் வழி இல்லையென்றால் அது நுழைவதே இல்லை. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் தெருவாசலில் நுழைந்த காற்று கூடம், முற்றம், பின்கட்டு என்று ஓடி வெளியேறியது. அதைப் பல வீடுகளாகப் பிரிக்கும்போது நடுவில் ஒரு நடைவழியும் இருபுறமும் வீடுகளுமாகத் தடுப்புச் சுவர் எழுப்பினால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு முகம்தான் மிஞ்சும். பழைய கட்டடத்தைக் குடியிருப்பாக்கும் முயற்சிகள் தோற்கிற இடம் பெரும்பாலும் இதுதான். பிறகு அந்த வீட்டில் ஏசி ஆடம்பரமாக இருக்காது, கட்டாயமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு குடித்தனமும் தெருவையும் முற்றத்தையும் தொட வேண்டும், அல்லது முற்றத்தையும் பின்பக்கத்துச் சிறு தெருவையும் தொட வேண்டும் என்று முதலிலேயே கோடு போட்டுக்கொள்வது நல்லது. அப்படிப் பிரித்தால் நம் கட்டடத்தில் ஆறு குடித்தனம்தான் வரும். எட்டுப் போடலாம் என்று தரகர் சொல்வார். முற்றத்துக்குக் கூரை போட்டால் ஒன்பதுகூட வரும் என்பார். மகள்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உள்ள கீழக்கரையில் வீட்டைப் பிரிப்பது புதிதல்ல. ஆனால் முற்றத்தை யார் பங்கிலும் சேர்க்காமல் பொதுவில் விட்டுவைத்த பிரிவினைகளில்தான் இன்றும் காற்று இருக்கிறது.

எங்கே சுவர் எழுப்பலாம் என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்கு, கடற்காற்று எழுந்த நேரத்தில், எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு ஊதுபத்தி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடக்க வேண்டும். புகை படுத்து ஓடும் இடம் காற்றின் பாதை. நேராக மேலே எழும் இடம் செத்த மூலை. குளியலறையையும் சாமான் அறையையும் செத்த மூலைக்குத் தள்ளி, படுக்கையைப் பாதையில் போட வேண்டும். இந்தச் சோதனையை ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது ஒருமுறையும், மார்கழியில் வாடை வீசும்போது ஒருமுறையும் செய்வது நல்லது, ஏனெனில் காற்று திசை மாறும்போது பாதையும் மாறும். கீழக்கரைக்குத் தெற்கே கடல், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் கிழக்கே கடல் என்பதால், ஓர் ஊரில் வரைந்த திட்டத்தை அப்படியே இன்னோர் ஊருக்கு எடுத்துப் போகவும் முடியாது.

உச்சி வெயிலும் மொட்டைமாடியும்

கீழக்கரை ஏறத்தாழ 9.2 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒருமுறையும் ஆவணி நடுவாக்கில் ஒருமுறையும் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. அதை வாங்கிக்கொள்வது சுவரைவிட மேல்தளம்தான். ஆகவே போர்வை போடுவதற்குக் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், அது முழுவதும் மேல்தளத்துக்கே போக வேண்டும்.

ஒரு தளத்தின் வழியாக வெப்பம் எவ்வளவு எளிதாக இறங்குகிறது என்பதை 'யூ மதிப்பு' என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் குறையக் குறைய நல்லது. வெறும் ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு அது 3-க்கும் மேல். முன் சொன்ன விதித்தொகுப்பு 1.2-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. பின்பாதித் தளத்தின்மேல் 50 மில்லிமீட்டர் வெப்பத்தடுப்புப் பலகையைப் பரப்பி, அதன்மேல் சரிவு கொடுத்துச் 'சுருக்கி' என்னும் செங்கல்தூள் காரையைப் போட்டு வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டினால் 0.5-க்கு அருகே வந்துவிடும். முன்பாதியின் கட்டைத் தளம், தன் கனத்தாலும் செங்கல்லாலும், வெறும் கான்கிரீட்டைவிட இயல்பாகவே மேல். அதற்குத் தேவை விரிசல் அடைப்பும், மேலே பதித்த தட்டையான ஓடுகளின் இணைப்புகளைச் சுண்ணாம்பால் பூசுவதும், மழைநீர் தேங்காத வாட்டமும்தான். அதன்மேல் கனமான கான்கிரீட்டை ஏற்றினால் அடியில் இருக்கும் மரம் தாங்காது.

பணம் அதற்கும் இல்லையென்றால் வெள்ளையடிப்பு இருக்கிறது. பாசி படர்ந்து கறுத்த மாடி, விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக வெள்ளையடித்த மாடி 70 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பும். பொங்கலுக்கோ நோன்புப் பெருநாளுக்கோ வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மாடித் தரைக்கும் இரண்டு பூச்சு கொடுத்துவிட்டால், சித்திரை வெயிலுக்குக் கட்டடம் தயார்.

கருவிகள், அதற்குப் பிறகு சூரியத் தகடு

மேலே சொன்னவை முடிந்த பிறகே கருவிகள். இதில் விசிறியைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனெனில் கடற்கரை வீட்டில் அது ஓயாமல் சுழல்கிறது. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்னும் சிக்கன மோட்டார் வைத்த விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஒரு குடித்தனத்தில் ஐந்து விசிறிகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் பழையவை 4.5 யூனிட், புதியவை 1.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 162 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும், யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குறைவது மேல் படியில் இருக்கும் விலை மிகுந்த யூனிட்டுகள். ஏசி தேவைப்பட்டால் படுக்கையறையில் ஒன்று; அதன் வெளிப்பெட்டியை உப்புக்காற்று நேராக அடிக்காத பக்கத்தில் வைக்க வேண்டும்.

சூரியத் தகட்டைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் எளியது. தேவையைக் குறைத்த பிறகு வாங்கும் தகடு சிறியதாக இருக்கும். வெயிலுக்கு இந்த மாவட்டத்தில் குறையில்லை. 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்ததே அதற்குச் சாட்சி. ஒரு கிலோவாட் தகட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். நம் கட்டடத்தின் பொதுப் பயன்பாட்டுக்கு, அதாவது மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் முற்றத்து விளக்குக்கும், 5 கிலோவாட் தாராளம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டில் 78,000 ரூபாய் வரை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கடலோரத்தில் வாங்கும் தகடு, ஐ.ஈ.சி. 61701 என்னும் உப்புமூட்டச் சோதனையில் தேறியதா என்று கேட்க வேண்டும். தாங்கும் சட்டம் துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாகவும், போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் பின்பாதியின் தூண்களின் மேல்தான் நிறுத்த வேண்டும்; முன்பாதிக் கட்டைத் தளத்தைத் துளைத்து நிறுத்தினால் மழை அந்தத் துளை வழியே வரும், புயல் வந்தால் தளமே தகட்டோடு போகும்.

தண்ணீரும் அனுமதியும்

தண்ணீரும் ஆற்றல்தான், ஆழத்திலிருந்து இழுக்க மோட்டார், உவரைப் பிரிக்க ஆர்.ஓ. இயந்திரம். கடற்கரை மண்ணில் நல்ல தண்ணீர், கனமான உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால், மேலே ஒரு மீட்டர் இழுத்துவிட்டால் கீழிருந்து உவர் நாற்பது மீட்டர் ஏறிவர வழி திறக்கிறது. ஆறு குடித்தனமும் ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு போட்டால் சில ஆண்டுகளில் ஆறும் உவர்த்துவிடும். மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 200 சதுர மீட்டர் மாடியில் விரயம் போக 1,28,000 லிட்டர் பிடிக்கலாம். இருபது பேர் நாளுக்கு 100 லிட்டர் வீதம் செலவழித்தால் இரண்டு மாதத் தண்ணீர் அது. ஊருணி வெட்டிக் குடித்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; பிரிவினையின்போது பொதுத் தொட்டிக்கு இடம் ஒதுக்க மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் குறை.

அனுமதியைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடல்நீர் ஏறிவரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தக்கூடும். இப்போதைய அறிவிக்கை 2019-ஆம் ஆண்டினது. ஊரகக் கடற்கரையின் கட்டுமானத் தடைப்பகுதியில், அனுமதி பெற்ற பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ திரும்பக் கட்டவோ இடமுண்டு, ஆனால் பரப்பும் அடித்தள அளவும் குடியிருப்பு அடர்த்தியும் இருந்ததைவிடக் கூடக்கூடாது. ஒரு வீட்டை ஆறாக்கினால் சுவர் ஓர் அடிகூட நகராமலே அடர்த்தி கூடிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நகராட்சி எல்லைக்குள் நிலைமை வேறு; அங்கே 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி திட்ட அனுமதி பெற வேண்டும். எந்த மண்டலத்தில் இருக்கிறோம் என்று எழுத்தில் தெரிந்துகொள்வதற்கு முன் தடுப்புச் சுவருக்கு ஒரு செங்கல்லும் வாங்கக் கூடாது.

வேலையைத் தையில் தொடங்குவது வசதி. மழை ஓய்ந்த அந்த மாதத்தில் ஓதம் தன் உச்சத்தில் நிற்கும். ஒவ்வொரு சுவரிலும் ஈரம் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவிட வேண்டும். மாசி பங்குனியில் சோதனைகளும் சிமெண்ட் கொத்தலும், சுவர் காய்ந்தபின் ஆனி ஆடியில் வெளிப்புறச் சுண்ணாம்புப் பூச்சும், புரட்டாசிக்குள் மேல்தளமும் என்று போனால், ஐப்பசி மழை புதுத் தளத்துக்கு முதல் சோதனையாக அமையும். அடுத்த தையில் அந்தப் பென்சில் கோட்டை விளக்கடித்துத் தேடிப் பார்க்க வேண்டும். ஈரம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் உள்பூச்சைத் தொடங்கலாம். கோட்டிலேயே நின்றால் இன்னொரு கோடை காத்திருக்க வேண்டும்.